பெட்டரியை மாத்த முதல் ஏர்த்தைப் பாருங்க

தோட்டத்துப் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் அதை எங்கே நிறுத்துகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? வாசலில் நிறுத்த மாட்டார்கள். வாசலுக்குக் கொஞ்சம் மேலே, ஏற்றத்தில், மூக்கு பள்ளத்தைப் பார்த்தபடி நிற்கும். முன் சக்கரத்துக்கு ஒரு கல். காலையில் கல்லை எடுத்து, காரை உருளவிட்டு, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் ஒரு குலுக்கலோடு ஸ்டார்ட் ஆகும். சாவி கையில் இருக்கிறது, செல்ஃப் மோட்டர் காரில் இருக்கிறது, ஆனாலும் நம்புவது பள்ளத்தை மட்டும்தான்.

சின்ன வயதில் இதைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். பழைய கார் என்றால் அப்படித்தான், அதுக்கு வயசாயிருச்சு என்று நினைத்தோம். அந்த நினைப்பு பிழை என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. முக்கியமாக 6 வோல்ட் கார்களைப் பற்றி. அவை ஸ்டார்ட் ஆகாவிட்டால் நம்ம ஊரில் மூன்று ஆலோசனைகள் தயாராக இருக்கும். ஒன்று, பெட்டரிய மாத்து. இரண்டு, 12க்கு மாத்து. மூன்று, வித்துத் தொலை. மூன்றையும் சொல்கிறவர்கள் பெரும்பாலும் எதையும் அளந்து பார்த்துவிட்டுச் சொல்வதில்லை. அளக்காமல் சொன்ன ஆலோசனைக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கட்டுகிறவர் கார்க்காரர்.

எங்களை இதை எழுத வைத்தது 1963ஆம் ஆண்டு வொல்க்ஸ்வேகன் பீட்டில் ஒன்று. ஆமைக் கார். டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவருடையது. எங்கள் குழுவில் இருக்கும் தோழி ஒருத்திக்கு அவர் தாத்தா. எழுபதுகளில், தோட்டங்கள் அரசுடைமையான காலத்தில், வேலையை விட்டு ஊர் போன ஒருவரிடம் வாங்கினாராம். லயத்தில் இடுப்புவலி வந்த எத்தனையோ பேர் அந்தக் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். அதனால் அந்தக் காருக்குத் தோட்டத்தில் ஒரு மரியாதை உண்டு.

2022இல் பெற்றோல் இல்லை. வரிசை, பிறகு கியூஆர் அட்டை, பிறகு வாரத்துக்கு இத்தனை லீட்டர். கார் பல மாதம் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. பெற்றோல் கிடைத்த பிறகு சாவியைத் திருப்பினால் 'ட்டக்' என்று ஒரு சத்தம். அதோடு சரி. கராஜில் காட்டினார்கள். பாஸ் வந்து பார்த்துவிட்டு, "பெட்டரி செத்துப்போச்சு ஐயா" என்றார். அது உண்மைதான், மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்த பெட்டரி சாகும். புதுசு போட்டார்கள். இரண்டு வாரம் ஓடியது, பிறகு பழைய கதை. இரண்டாவது பெட்டரி. அதுக்கும் அதே கதி. இன்னொருவர் செல்ஃப் மோட்டரைக் கழற்றிக்கொண்டு போய்க் கரி மாற்றினார். மூன்றாவது ஆள், "12 வோல்ட்டுக்கு மாத்தினாத்தான் விடிவு" என்றார். அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து ஒரு தரகர் வந்து நின்றார். காரைச் சுற்றிப் பார்த்தார், சாவியைத் திருப்பினார், உதட்டைப் பிதுக்கினார். "ஸ்டார்ட் இல்லாத காருக்கு இவ்வளவுதான் தரலாம் ஐயா." அவர் சொன்ன தொகை, ஓடுகிற பீட்டில் போகும் விலையில் பாதிகூட இல்லை.

கடைசியில் காரைப் பார்த்தது ஒரு மெக்கானிக் இல்லை. தோழியின் மாமா. தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீசியனாக இருந்தவர். கொழுந்து வாட்டுகிற விசிறி மோட்டர்களையும் ரோலர் மோட்டர்களையும் முப்பது வருசம் பார்த்துக்கொண்டவர். ஒரு மல்டிமீட்டரோடு வந்து உட்கார்ந்தார். அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரையின் சாரம்: "பெட்டரியில கரண்ட் இருக்கா இல்லையானு மட்டும் கேக்காதீங்க தம்பி. இருக்கிற கரண்ட் போக வேண்டிய எடத்துக்குப் போய்ச் சேருதானு கேளுங்க."

சாவியைத் திருப்பச் சொல்லி அளந்தார். செல்ஃப் இழுக்கும் நேரத்தில் பெட்டரியில் 5.0 வோல்ட் இருந்தது. செல்ஃப் மோட்டருக்கு வந்து சேர்ந்தது 3.5. நடுவில் 1.5 வோல்ட்டைக் காணோம். அதில் 0.9 ஏர்த் பக்கம் போயிருந்தது, 0.6 பொசிட்டிவ் கேபிளில். ஏர்த் பட்டை பூட்டியிருந்த இடத்தில் துரு. பொசிட்டிவ் கேபிள் யாரோ எப்போதோ போட்ட மெல்லிய கேபிள். எமரி பேப்பர், ஒரு புது போல்ட், ஒரு தடித்த கேபிள். வேலை முடிந்து மறுபடி அளந்தபோது ஏர்த்தில் 0.1, கேபிளில் 0.2. சாவியால் கார் ஸ்டார்ட் ஆனது.

இரண்டு பெட்டரிக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.

6 வோல்ட் ஏன் இவ்வளவு கறாரானது?

ஈய அமில பெட்டரியில் ஒரு செல் ஏறக்குறைய 2 வோல்ட் தரும். மூன்று செல் சேர்ந்தால் 6, ஆறு செல் சேர்ந்தால் 12. முன்பு நிறையக் கார்கள் 6 வோல்ட்டில்தான் வந்தன. மொரிஸ் எயிட், ஐம்பதுகள் வரை வந்த போர்ட் பொப்பியூலர், 1967ஐ ஒட்டிய காலம் வரை வந்த பீட்டில்களில் பெரும்பாலானவை எல்லாம் அந்த இனம். நம்ம ஊரில் அதிகம் கண்ணில் படும் மொரிஸ் மைனர் 12 வோல்ட். அதனால்தான் மைனரில் கை பழகிய பாஸ்மார் பீட்டிலிலும் அதே கணக்கைப் போடுகிறார்கள். அங்கேதான் பிழைக்கிறது.

கணக்கு இதுதான். ஒரே அளவு வேலை செய்ய, வோல்ட் பாதியானால் அம்பியர் இரண்டு மடங்கு வேண்டும். 12 வோல்ட் கார் செல்ஃப் அடிக்க 100 அம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வேலைக்கு 6 வோல்ட் காருக்கு 200 அம்பியர் வேண்டும். கேபிளிலும் இணைப்புகளிலும் சேர்த்து 0.003 ஓம் தடை இருக்கிறது என்றால், 12 வோல்ட் காரில் வீணாவது 0.3 வோல்ட். 12இல் 0.3 என்பது நூற்றுக்கு இரண்டரை, யாருக்கும் தெரியாது. 6 வோல்ட் காரில் அதே தடைக்கு 0.6 வோல்ட் போகும். 6இல் 0.6 என்பது நூற்றுக்குப் பத்து. அதே துரு, அதே கேபிள், ஆனால் பாதிப்பு நான்கு மடங்கு.

இதனால்தான் அந்தக் கார்களுக்குக் கம்பனியில் தடித்த கேபிள் போட்டு அனுப்பினார்கள். அது பழுதானதும் கடையில் கிடைத்த 12 வோல்ட் கார்க் கேபிளைப் போட்டால் கார் ஓடத்தான் செய்யும், ஆனால் குளிர் காலையில் காலை வாரும். பெட்டரியிலும் இந்த மாதிரி ஒரு ஏமாற்றம் உண்டு. கடையில் "6 வோல்ட் பெட்டரி" என்று கேட்டால் மோட்டர் சைக்கிளுக்கோ அவசர விளக்குக்கோ செய்த சின்னப் பெட்டரியை எடுத்து நீட்டுவார்கள். வோல்ட் சரி, கொள்ளளவு போதாது. பீட்டிலுக்கு ஆரம்பத்தில் வந்தது 66 அம்பியர் மணி அளவிலான பெட்டரி. இந்த எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்று செல்லில் ஒன்று செத்தால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும். ஆறில் ஒன்று செத்தால் ஆறில் ஒரு பங்குதான். ஏழை வீட்டில் ஒரு நாள் சம்பளம் வெட்டினால் தெரிகிற மாதிரி, 6 வோல்ட் காரில் ஒவ்வொரு இழப்பும் உடனே தெரியும். கார் பலவீனமானது என்று இதற்கு அர்த்தம் இல்லை. வீணடிக்க அதனிடம் மிச்சம் இல்லை, அவ்வளவுதான்.

எந்த வரிசையில் பார்ப்பது?

நாங்கள் மாமாவிடம் கற்றுக்கொண்டதையும், பிறகு வேறு சில கார்களில் செய்து பார்த்ததையும் வரிசையாகத் தருகிறோம். மீட்டர் இல்லாமலே பாதி தூரம் போகலாம்.

முதலில் தள்ளிப் பாருங்கள். பள்ளத்தில் உருளவிட்டதும் கார் உடனே ஸ்டார்ட் ஆகிறதா? அப்படியென்றால் பெற்றோல் வருகிறது, பொயிண்ட், கொயில், பிளக் எல்லாம் வேலை செய்கின்றன. குறை செல்ஃப் அடிக்கிற பக்கம்தான். காபரேட்டரைக் கழற்ற விடாதீர்கள். தள்ளியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அது வேறு நோய், பெட்டரியைத் திட்டிப் பயனில்லை. சில கார்கள் செல்ஃப் அடிக்கும்போது பற்றாமல், சாவியை விடுகிற நொடியில் பற்றும். செல்ஃப் மோட்டர் இருக்கிற வோல்ட்டை எல்லாம் விழுங்கிவிட்டுக் கொயிலுக்கு மிச்சம் வைக்காததன் அடையாளம் அது.

அடுத்தது விளக்கு. இரவில் முன் விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு அப்படியே பிரகாசமாக இருந்து செல்ஃப் சத்தமே இல்லை என்றால், கரண்ட் செல்ஃபுக்குப் போகவே இல்லை. சாவி சுவிட்ச், சொலினாயிட் வயர் பக்கம் தேடுங்கள். விளக்கு அடியோடு அணைந்துபோனால் பெட்டரி காலி, இல்லாவிட்டால் பெட்டரி கிளாம்ப்பில் பிடிப்பு இல்லை. விளக்கு நன்றாக மங்கி செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால் பெட்டரியில் சார்ஜ் குறைவாக இருக்கலாம், செல்ஃப் மோட்டர் உள்ளே உரசவும் கூடும்.

மூன்றாவது கை. நாலைந்து தடவை செல்ஃப் அடித்துவிட்டு கிளாம்ப், கேபிள் முனை, ஏர்த் பட்டை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். மெதுவாகத் தொடுங்கள், சுடலாம். எது சூடாக இருக்கிறதோ அங்கேதான் தடை. மோட்டருக்குப் போக வேண்டிய சக்தி அங்கே சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது.

இதற்குப் பிறகுதான் மீட்டர். பெட்டரியைச் சார்ஜ் பண்ணி, சில மணித்தியாலம் சும்மா வைத்து அளந்தால் 6.3 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 6.1 என்றால் பாதிதான் இருக்கிறது. 6க்குக் கீழே என்றால் வேறு எதையும் சோதிக்க முதல் சார்ஜ் போடுங்கள். மூடி திறக்கக்கூடிய பெட்டரி என்றால் ஐதரோமீட்டர் வைத்து மூன்று செல்லையும் பாருங்கள். நிறைந்த செல் 1.265க்கு மேல் காட்டும். இரண்டு செல் நன்றாக இருந்து ஒன்று மட்டும் 0.050க்கு மேல் இறங்கியிருந்தால் அந்தப் பெட்டரி போய்விட்டது. இப்போது மாற்றுங்கள், நாங்கள் தடுக்கவில்லை.

பெட்டரி நல்லது என்று தெரிந்ததும், மாமா செய்த சோதனை. கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் நடு வயரைக் கழற்றி ஏர்த்தில் வையுங்கள், எஞ்சின் ஸ்டார்ட் ஆகக் கூடாது. கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல். மீட்டரின் ஒரு முனையைப் பெட்டரியின் பொசிட்டிவ் ஈயத்திலேயே வையுங்கள், கிளாம்ப்பில் வைக்கக் கூடாது. மறுமுனையை செல்ஃப் மோட்டரின் தடித்த கேபிள் பூட்டிய போல்ட்டில் வையுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பட்டும். 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. பிறகு ஒரு முனை பெட்டரியின் நெகட்டிவ் ஈயத்தில், மறுமுனை எஞ்சின் உடம்பில், துரு இல்லாத இடத்தில். 0.2க்குள் இருக்க வேண்டும். கூடினால் முனையைப் படிப்படியாக நகர்த்துங்கள். ஈயத்திலிருந்து கிளாம்ப்புக்கு, கிளாம்ப்பிலிருந்து கார் உடம்புக்கு, உடம்பிலிருந்து கியர்பொக்ஸுக்கு. எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் எண் குதிக்கிறதோ அங்கே ஸ்பேனரை எடுங்கள். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பொசிட்டிவ்தான் ஏர்த். அவற்றில் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும்.

பீட்டிலில் பெட்டரி பின் சீட்டுக்குக் கீழே. அங்கே ஒரு ஏர்த் பட்டை இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று காருக்கு அடியில், கியர்பொக்ஸின் மூக்கிலிருந்து உடம்புக்குப் போகிறது. எஞ்சினும் கியர்பொக்ஸும் ரப்பர் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன, அதனால் செல்ஃபுக்கு ஏர்த் திரும்பி வரும் முக்கிய பாதை இந்தப் பின்னல் பட்டைதான். சேறும் எண்ணெயும் மூடிக் கிடப்பதால் பலர் இதைப் பார்த்ததே இல்லை. ஐயாவின் காரில் துரு பிடித்திருந்ததும் இதுதான்.

'ட்டக்' என்று மட்டும் கேட்டால் இன்னொரு இடமும் உண்டு. பீட்டிலின் சாவி முன்னால், செல்ஃப் பின்னால். சொலினாயிட்டை இழுக்கும் கரண்ட் மெல்லிய வயரில் காரின் நீளம் முழுக்க நடந்து வருகிறது. அறுபது வருசப் பழைய சுவிட்சும் சேர்ந்தால் சொலினாயிட்டுக்குப் போதிய பலம் வந்து சேராது. அதற்கு செல்ஃப் பக்கத்தில் ஒரு 6 வோல்ட் ரிலே போட்டால் போதும். அதுவும் சரி, ஆனாலும் செல்ஃப் திணறுகிறது என்றால், செல்ஃபின் தண்டு போய் உட்காரும் புஷ் தேய்ந்திருக்கலாம். பீட்டிலில் அந்தப் புஷ் கியர்பொக்ஸ் பக்கம் இருப்பதால், செல்ஃபைக் கழற்றிக்கொண்டு போய்ப் பழுதுபார்ப்பவர்கள் அதைக் காரிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

கடைசியாக சார்ஜ். எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டுப் பெட்டரியை அளந்தால் 7 வோல்ட்டைத் தாண்ட வேண்டும். 6.2இலேயே நின்றால் டைனமோ, அதன் கரி, பெல்ட், கட்அவுட் என்று தேட வேண்டும். இதைப் பார்க்காமல் பெட்டரி மாற்றினால் ஐயாவுக்கு நடந்ததுதான் நடக்கும்: இரண்டு வாரத்துக்கு ஒரு பெட்டரி.

இரண்டு எச்சரிக்கை. சார்ஜ் ஆகும் பெட்டரியில் இருந்து ஐதரசன் வாயு வரும், பீடி சிகரெட்டோடு கிட்டப் போகாதீர்கள். லொறி பெட்டரியில் இருந்து 6 வோல்ட் காருக்கு ஜம்ப் வயர் கொடுக்காதீர்கள். ஸ்டார்ட் ஆகும்தான். கூடவே பல்ப் எரியும், கட்அவுட் போகும், பெட்டரியே வெடிக்கவும் கூடும்.

மலைக்கு வந்தால் மலைக்குணம்

இதே கார் கொழும்பில் சாவிக்கு ஸ்டார்ட் ஆகும், இங்கே ஆகாது. அதற்கும் காரணம் உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். தை, மாசியில் விடியக்காலம் புல்லில் உறைபனி கிடக்கும். குளிரில் பெட்டரியின் பலம் இறங்கும், எஞ்சின் ஒயில் தடிக்கும். பெட்டரியால் கொடுக்க முடிவது குறைகிற அதே நேரத்தில் எஞ்சின் கேட்பது கூடுகிறது.

பனிமூட்டமும் ஒரு காரணம். தலவாக்கலை தாண்டி நானுஓயா ஏறும்போது பகல் இரண்டு மணிக்கே முன் விளக்குப் போட வேண்டியிருக்கும். 45 வோட் விளக்கு இரண்டு எரிந்தால் 6 வோல்ட்டில் 15 அம்பியர். அதோடு வைப்பர். டைனமோ என்பது இப்போதைய ஓல்டனேட்டர் மாதிரி இல்லை, எஞ்சின் மெதுவாக ஓடினால் சார்ஜே தராது. வீதி வேலைக்கு நிறுத்திய வரிசையில் விளக்கோடு அரை மணி நின்றால் பெட்டரியில் இருந்துதான் போகும். தோட்டத்தில் இருந்து டவுனுக்கு, டவுனில் இருந்து தோட்டத்துக்கு என்று நாலு கிலோமீற்றர் ஓட்டத்தில் அது திரும்பி நிறையாது.

ஈரத்தைச் சொல்லவே வேண்டாம். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் பெய்யும் மழையில் எந்த போல்ட்டும் துருப்பிடிக்கும். வருசத்துக்கு இரண்டு தடவை கிளாம்ப்பையும் ஏர்த்தையும் கழற்றி, அப்பச்சோடாத் தண்ணீரால் வெளுப்பைக் கழுவி, எமரி போட்டு, இறுக்கிப் பூட்டி, மேலே வாஸ்லின் பூசினால் போதும். பூட்டிய பிறகுதான் பூச வேண்டும். மாதக்கணக்கில் காரை நிறுத்துவதாக இருந்தால் ஏர்த் கிளாம்ப்பைக் கழற்றிவிட்டு, மாதம் ஒரு தடவை சார்ஜ் போடுங்கள். 2022இல் இதைச் செய்திருந்தால் ஐயாவின் முதல் பெட்டரி பிழைத்திருக்கலாம்.

12க்கு மாற்றுவது பிழையா?

பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. 12 வோல்ட்டில் விளக்கு நன்றாக எரியும், பெட்டரி எந்தக் கடையிலும் கிடைக்கும், இரவில் மலைப்பாதையில் ஓட்டுகிறவருக்கு அது பாதுகாப்பும்கூட. 6 வோல்ட்டில் இருந்தால்தான் கார் புனிதமானது என்று நினைக்கும் சேகரிப்பாளர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. தினமும் ஓட்டுகிறவருக்கு எது வசதியோ அதை அவர் செய்யட்டும்.

ஆனால் நோயைக் கண்டுபிடிக்காமல் செய்யும் மாற்றத்தை மருந்து என்று சொல்லாதீர்கள். துருப்பிடித்த ஏர்த்தோடு 12க்கு மாற்றினால் கார் ஸ்டார்ட் ஆகும். குறை போகவில்லை, அது நான்கில் ஒன்றாகத் தெரிகிறது, அவ்வளவே. மாற்றுகிற செலவும் சின்னதில்லை. பல்புகள், டைனமோ, கட்அவுட், கொயில், வைப்பர் மோட்டர் என்று பட்டியல் நீளும். எமரி பேப்பரில் முடிகிற வேலைக்கு ஓய்வூதியக்காரர் ஒருவர் இவ்வளவு செலவழிக்க வேண்டுமா?

யாருக்கு லாபம்?

தரகர் சொன்ன விலைக்குத் திரும்புவோம். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் பளபளவென்று பழைய கார்கள் வந்து நிற்கும். 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியின் ஊர் இது, கார் ஆசை இங்கே புதிதில்லை. அந்தக் கார்களில் சில நம்ம தோட்டங்களில் இருந்து இறங்கிப் போனவை. "ஸ்டார்ட் இல்லை" என்ற ஒரு சொல்லுக்கு விலை இறங்கி, கீழே போய் ஏர்த் துடைக்கப்பட்டு, பெயின்ட் அடிக்கப்பட்டு, கல்யாண வாடகைக்கு ஓடுகின்றன. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருசத்தில் ஓடுகிற கார் எதுவாக இருந்தாலும் அதன் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த விலை தோட்டத்துக்காரர் கைக்கு வரவில்லை என்றால், குறுக்கே நின்றது ஒரு துருப்பிடித்த போல்ட்.

கொழுந்து இங்கே, லாபம் வேறெங்கோ என்பது நமக்குப் பழகிப்போன கணக்கு. அதை ஒரு மல்டிமீட்டரால் மாற்ற முடியாது. ஆனால் இந்தச் சின்ன இடத்தில் மாற்றலாம். பெட்டரி விலைக்கு முன்னால் மீட்டர் விலை ஒன்றுமே இல்லை.

இல்லாதது அறிவு என்றும் நாங்கள் நினைக்கவில்லை. தொழிற்சாலையில் மோட்டர் பார்த்த மாமாவிடம் அது முப்பது வருசமாக இருந்தது. அவரைக் காருக்குக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அவர் 'கார் பாஸ்' இல்லை. கராஜ் பாஸ்மாரிடம் கைப்பழக்கம் நிறைய இருக்கிறது. எந்தச் சத்தத்துக்கு என்ன நோய் என்று காது சொல்லும். ஆனால் அந்தக் காது 12 வோல்ட்டில் பழகியது, அவர்களுக்கு யாரும் தமிழில் இதை எழுதிக் கொடுக்கவில்லை. வேலைசெய்து கற்றவர்களின் திறமையை மதிப்பிட்டுத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தரும் முறை நாட்டில் இருக்கிறது. நைட்டாவில் விசாரிக்கலாம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுக் கராஜில் நின்ற நம்ம அண்ணன்மார் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஐயா கடைசியில் காரை விற்றார். சாவிக்கு ஸ்டார்ட் ஆன மூன்றாம் மாதம். பேத்தியின் படிப்புச் செலவு இருந்தது, கண்பார்வையும் குறைந்துவிட்டது. ஆனால் அவர் சொன்ன விலைக்கு விற்றார். வாங்க வந்தவர் விலையைக் குறைக்கப் பார்த்தபோது, ஐயா ஒன்றும் பேசாமல் சாவியை அவர் கையில் கொடுத்து, "திருப்பிப் பாருங்க" என்றாராம்.

மேலே எழுதிய சோதனைகளை ஒரு பக்கத்தில் அச்சடித்து, ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா கராஜ்கள் சிலவற்றில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு பாஸ் முழுக்க வாசித்துவிட்டு, "இது பஸ்சுக்கும் சரிவருமா தம்பி? அது 24 வோல்ட்டாச்சே" என்று கேட்டார். எண்களை மாற்றிக்கொண்டால் சரிவரும் அண்ணே என்றோம். அப்போதே போய் மீட்டரை எடுத்து வந்தார்.